வற்றத்தில் ஓட்டிப் பார்த்த வண்டி

இரண்டு வண்டிகளில் எதை வாங்குவது என்று நான்கு மாதம் யோசித்தவன் நான். பெண் பார்த்துக் கல்யாணம் முடிக்க உங்களுக்கு நாலு வாரம்தான் ஆச்சு என்று என் மனைவி சொல்லிக் காட்டுவாள். உண்மைதான். பெண் பார்க்கப் போனபோது என் கையில் நோட்டு இல்லை.

வண்டிக்கு நோட்டு இருந்தது. துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்குக் கோடு போட்டுக் கட்டம் கட்டாமல் எதுவும் விளங்காது. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடதுபுறம் ஒரு வண்டி, வலதுபுறம் ஒரு வண்டி. இரண்டுமே சின்ன எஸ்.யூ.வி. வகை, விலையும் கிட்டத்தட்ட ஒன்று. ஒன்றுக்கு முன்பக்கம் கொஞ்சம் நீண்டிருக்கும், இருக்கை மெத்தென்று இருக்கும். மற்றது மொட்டை முகத்தோடு ஆளை நிமிர்த்தி உட்கார வைக்கும். கம்பெனிக்காரன் வைத்த பெயர்கள் என் மனைவி வாயில் நுழையவில்லை. நீள மூக்கு, மொட்டை மூக்கு என்று அவளே பெயர் சூட்டிவிட்டாள். எனக்கும் அதுவே நிலைத்துவிட்டது.

எங்கள் பழைய கார் உப்புக்காற்றில் அடித்தட்டு ஓட்டையாகி, கால் வைக்கும் இடத்தில் ரோடு தெரிய ஆரம்பித்திருந்தது. மனைவிக்கு முழங்கால் வலி. குனிந்து ஏறி நிமிர்ந்து இறங்க அவளால் முடியவில்லை. அவளுடைய அக்கா விம்பர்லிகஞ்சில் இருக்கிறாள். நாங்கள் இருக்கும் டாலிகஞ்சிலிருந்து அங்கே போக சாத்தம் துறையில் வண்டியை ஃபெர்ரியில் ஏற்றிக் கடலைக் கடந்து பாம்பூஃபிளாட்டில் இறங்க வேண்டும். தரை வழியாகவும் போகலாம், ஆனால் ஊரைச் சுற்ற வேண்டும். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு நாங்கள் ஃபெர்ரியில்தான் போவோம். ஆகையால் எனக்கு வேண்டியது ஃபெர்ரியில் இடிக்காமல் ஏறி இறங்கும் வண்டி. இதைத்தான் எவனும் சொல்லவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லாண்டில் வீடியோ போடுகிறவர்கள் எட்டு வழிச் சாலையில் நூற்றிருபதில் ஓட்டிவிட்டு, கதவைத் தட்டிச் சத்தம் கேட்டுவிட்டு, இரண்டுக்கும் சரிசமமாக மதிப்பெண் கொடுக்கிறார்கள். நூற்றிருபதில் ஓட்டினால் எங்கள் தீவு முடிந்துவிடும்.

மொட்டை மூக்குக்கு இங்கே ஷோரூம் உண்டு, ஓட்டிப் பார்க்க ஒரு வண்டியும் உண்டு. விற்பனைப் பையன் இரண்டு காகிதத்தில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். விமான நிலையச் சாலையில் போய்த் திரும்பினேன். சாத்தம் வரை போகலாமா என்று கேட்டதற்கு, “ஃபெர்ரி அலவ்ட் நஹி ஹை சார்” என்றான், ஃபெர்ரிக்கு அனுமதி இல்லையாம். முட்டையை மடியில் வைத்திருப்பவன்போல ஓட்டிக் கொண்டுவந்து விட்டேன். கையெழுத்துப் போட்ட வண்டி அல்லவா.

நீள மூக்குக்கு இங்கே ஒரு புக்கிங் ஆபீஸ்தான் இருந்தது. மேசை, நாற்காலி, ஒரு பெரிய படம். எப்போது போனாலும், “டெமோ காடி ஜஹாஜ் மே ஹை சார்” என்பார்கள். சென்னையிலிருந்து கப்பலில் வந்துகொண்டே இருந்தது அந்த வண்டி. மூன்று மாதமாக வந்தது. கப்பல் வரவு போக்கு எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும், என்னிடமே அளந்தார்கள்.

இப்படிப்பட்ட நேரத்துக்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வாங்க நினைக்கும் வண்டி யார் வீட்டில் நிற்கிறதோ அவரிடம் போய்ச் சாவி கேட்கலாம். யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். அரை நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, எண்ணெய் போட்டு, துடைத்துக் கொண்டுபோய் விட வேண்டும். அவ்வளவுதான் மரியாதை. அவரும் வாங்குவதற்கு முன் யாரிடமோ அப்படிக் கேட்டிருப்பார்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் நீள மூக்கு நின்றது. வீட்டுக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் பழுது பார்ப்பவர். அனுமதிச் சீட்டு விஷயமாக என் அலுவலகத்துக்கு வந்து பழக்கம். அவர் மனைவி சிப்பிகாட்டில் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர். லைசென்ஸ் தேர்வில் முதல் தடவை தோற்று, இரண்டாவது தடவை வாங்கியவர். தடுப்பூசி போடும் நாட்களில் பனிக்கட்டி வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் தொங்கிப் போனவர், அப்போது இரண்டு வாரமாகத் தனியாகக் காரில் போய் வந்துகொண்டிருந்தார். தெருமுனையில் என்னைப் பார்த்தால் ஹாரன் அடிப்பார். அடிக்கத் தேவையே இருக்காது. ஒரு சந்தோஷம்.

நான் சாவி கேட்டபோது அவர் கணவர், “இதுக்கெல்லாமா கேப்பீய அண்ணாச்சி? ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு வந்ததும் எடுத்துக்கிடுங்க” என்றார். நர்ஸ் அம்மா உள்ளேயிருந்து சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். “பிரேக் கொஞ்சம் டக்குனு பிடிக்கும் அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க” என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார்.

இனி சொல்லப்போவதைத்தான் நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கடல் ஏற்ற இறக்கத்தின் அட்டவணை எப்போதும் இருக்கும். எந்த நாள் எந்த மணிக்குக் கடல் எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்பது எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி. அந்த ஞாயிறு அமாவாசைக்கு மறுநாள். மதியம் மூன்றரைக்குக் கடல் அடியோடு வற்றி நிற்கும். அந்த நேரத்தில் ஃபெர்ரி துறைக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும். வண்டி ஏற்றும் இரும்புப் பலகை செங்குத்தாகச் சரிந்திருக்கும். பலகை முடிந்து ஃபெர்ரியின் தளம் தொடங்கும் இடத்தில்தான் வண்டிகளின் மூக்கு இடிக்கும். சொந்த வண்டிக்காரன் எவனும் அந்த நேரத்தில் போக மாட்டான், ஒரு மணி நேரம் காத்திருப்பான். எங்கள் பழைய காரில் ஒருநாளும் நான் அப்படிப் போனதில்லை.

நான் அந்த மூன்றரையைத்தான் தேர்ந்தெடுத்தேன். தெரியாமல் நடந்ததல்ல. வாரம் முழுக்க அட்டவணையைப் பார்த்து, இதைவிட மோசமான வற்றம் இந்த மாதத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தேர்ந்தெடுத்தேன். பரீட்சை என்றால் கடினமாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அந்தப் பெண்டாட்டி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பலகையின் சரிவைப் பார்த்ததும், “என்னங்க, இது நம்ம வண்டி இல்லைங்க. தண்ணி ஏறட்டுமே” என்றாள். ஃபெர்ரியில் கயிறு கட்டும் ஆளான லஷ்கர் கையைச் சாய்த்துக் காட்டி, “திர்ச்சா லோ, திர்ச்சா!” என்று கத்தினான். குறுக்காகச் சாய்த்து இறக்கு என்று அர்த்தம். குறுக்காக இறக்கினால் மூக்கு தப்பிவிடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் குறுக்காக இறக்கினால் அது என்ன பரீட்சை? நேராக விட்டேன்.

கரகரவென்று ஒரு சத்தம். அரிவாள்மணையைத் தரையில் இழுத்தால் வருமே, அது. லஷ்கர் தலையில் அடித்துக்கொண்டான். நான் இறங்கிக் குனிந்து பார்த்தேன். முன்பக்க பம்பரின் அடியில் ஒரு முழ நீளத்துக்குச் சாயம் உரிந்து, ஓரம் பிளந்து தொங்கியது. நின்று பார்த்தால் தெரியாது, குனிந்தால்தான் தெரியும். அந்த நிமிடத்தில் என் மனதில் முதலில் வந்தது வருத்தமல்ல. நீள மூக்கு வேண்டாம், முடிவாகிவிட்டது என்கிற நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே பிடிக்காமல் போகிறது.

பாம்பூஃபிளாட்டில் இறங்கிய பிறகு, திரும்பி வர ஃபெர்ரியில் ஏறத் துணிச்சல் இல்லாமல் தரை வழியாகச் சுற்றி வந்தோம். இங்கே ஐந்தரைக்கே இருட்டிவிடும். வழியில் மனைவி ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். “போனதும் சொல்லிருங்க.” சொல்கிறேன் என்றேன். எண்ணெய் போட்டேன், கண்ணாடியைத் துடைத்தேன், பம்பரின் தொங்கிய ஓரத்தை விரலால் அழுத்தி உள்ளே தள்ளினேன். வாசலில் சாவியைக் கொடுக்கும்போது அவர், “எப்படி அண்ணாச்சி, வண்டி?” என்று கேட்டார். “தங்கமான வண்டி” என்றேன். அவர்கள் வீட்டில் சுடச்சுடப் பணியாரம் கொடுத்தார்கள். உட்கார்ந்து தின்றேன்.

புதன்கிழமை அவர் அலுவலகத்துக்கே போன் செய்தார். வண்டி கழுவும்போது பார்த்திருக்கிறார். “அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீய. ஞாயித்துக்கிழமை அடியில எங்கயும் இடிச்சுச்சா?” இதைவிட மரியாதையாக ஒருவர் கேட்க முடியாது. பதில் சொல்ல எனக்கு இடம் விட்டுத்தான் கேட்டார். “இல்லியே, எனக்குத் தெரிஞ்சு எங்கயும் இடிக்கலியே” என்றேன். “அப்பம் இவதான். சிப்பிகாட்டுல அந்தப் பாலத்துத் திருப்பத்துல டொக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு அவளே செவ்வாக்கிழமை சொன்னா. இப்ப இல்லவே இல்லங்கா” என்றார். நான் அதோடு விட்டிருக்கலாம். “புதுக் கை, அப்படித்தான் இருக்கும். திட்டாதீங்க” என்று பெரிய மனிதன்போல ஆறுதலும் சொன்னேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை நானே தூக்கிக்கொண்டுபோய் நர்ஸ் அம்மா வாசலில் வைத்தேன்.

போனில் பேசியதை அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். எங்கள் இருவர் குடும்பமும் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்தவை. அவள் அப்பாவின் மேல் ஒருதரம் பால் திருடியதாக வந்த பழி, திருடியவன் அகப்பட்ட பிறகும் போகவில்லை என்று எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அன்று அதைச் சொல்லவில்லை. “அந்த அம்மாவ நான் எப்புடிங்க மூஞ்சி பாப்பேன்?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து நர்ஸ் அம்மா பஸ் ஸ்டாப்பில் நின்றார்.

நான் மொட்டை மூக்குக்குப் பணம் கட்டினேன். வலதுபுறக் கட்டத்தில் டிக் போட்டு நோட்டை மூடினேன். வண்டி கப்பலில் வர ஏழு வாரம் ஆனது. பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். “எலுமிச்சம்பழம் நசுங்குனாப் போதுமா?” என்று மனைவி கேட்டாள். ஐயருக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

முதல் மாதத்திலேயே ஒரு ஞாயிறு, அக்கா வீட்டில் விசேஷத்துக்கு நேரமாகிவிட்டது என்று, கடல் பாதி வற்றியிருந்தபோதே மொட்டை மூக்கை ஃபெர்ரியில் இறக்கினேன். அதே கரகர. அதே இடம், அதே ஒரு முழம். வண்டியில் ஒன்றுமில்லை, ஓட்டியவனிடம்தான் கோளாறு. நான்கு மாத நோட்டு, இரண்டு கட்டம், ஒருத்தர் வீட்டு வண்டி, எல்லாம் எதற்கென்று எனக்கே தெரியவில்லை. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரலில் ஒரு காலை. வெயில் ஏறிவிட்டது, பஸ் வரவில்லை. நர்ஸ் அம்மா தடுப்பூசிப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார். அதுவரை தினமும் பார்க்காததுபோலத் தாண்டிப் போயிருக்கிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்குக் கழுத்தே அந்தப் பக்கம் திரும்பாது. அன்று பனிக்கட்டி உருகிப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நிறுத்தினேன். சிப்பிகாட்டில் விட்டுவிட்டு அலுவலகம் போகிறேன் என்றேன்.

ஏறி உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். “நல்ல வண்டி அண்ணாச்சி. ஏற எறங்க லேசா இருக்கு” என்றார். நீங்கள் ஏன் இப்போது ஓட்டுவதில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு வெட்கம் கெட்டவன் அல்ல. அவரே சொன்னார்.

“எனக்கு அது ராசி இல்ல அண்ணாச்சி. கையி பதறுது. இடிச்சது கூடத் தெரியாம ஓட்டியிருக்கேன் பாருங்க. இவுக கேட்டப்பம் நான் இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணிட்டேன். சண்டையாயிட்டு. பொறவு யோசிச்சேன், அந்தப் பாலத்துல சத்தம் கேட்டுச்சே, நான்தான இடிச்சிருப்பேன், பொய்ச் சத்தியம் பண்ணிட்டோமேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிட்டு. தவக்காலத்துல சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்துட்டேன். அவரு மன்னிச்சு செபம் சொல்லச் சொன்னாரு. அதுக்குப் பொறவுதான் தூக்கம் வருது.”

செய்யாத பாவத்துக்கு அந்த அம்மா கோயிலில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார். சொன்ன உண்மையைப் பொய் என்று தானே நம்பி, அதற்குத் தண்டனையாகச் செபமும் சொல்லி முடித்துவிட்டார். அந்தப் பாலத்துத் திருப்பத்துக்குச் சற்று முன்னால் ஓரமாக நிறுத்தினேன்.

சொன்னேன். அமாவாசைக்கு மறுநாள், மூன்றரை மணி, லஷ்கர் கத்தியது, தெரிந்தே நேராக விட்டது, போனில் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். பணியாரம் தின்றதையும் சொன்னேன், ஏனோ.

அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. பெட்டியின் மூடியை ஒருமுறை திறந்து உள்ளே பார்த்து மூடினார். “வத்தம்னு தெரிஞ்சேவா போனீய?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நேரமாயிட்டு, பிள்ளைய தூக்கிக்கிட்டு அம்மாமாரு காத்துக் கெடப்பாக. வண்டிய எடுங்க” என்றார். இறங்கும்போது, “அவுககிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாக” என்றார். சாதாரணக் குரலில்தான் சொன்னார்.

அந்த ஞாயிறு மாலை நானும் மனைவியும் போனோம். பழுது பார்க்கும் செலவை நான் ஏற்கிறேன் என்று ஆரம்பித்து, முழுவதையும் அவர் கணவரிடம் சொல்லி முடித்தேன். அவர் எழுந்து அடிப்பார் என்றுகூட நினைத்திருந்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சிரித்தார். என் தோளைத் தட்டினார்.

“அட விடுங்க அண்ணாச்சி. ஃபெர்ரியில ஏத்துனா யாருக்குத்தான் இடிக்காது? ஒரு சின்னக் கீறலு. இதுக்குப் போயி இவ்வளவு நாளா மனசுல வச்சிக்கிட்டு அலைஞ்சீயளா?”

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. என்னை மன்னித்துவிட்டார். எனக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நர்ஸ் அம்மா டீத் தட்டோடு அடுக்களை வாசலில் நிற்பதைப் பார்த்தேன்.

“மூணு மாசமா அது சின்னக் கீறலுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லலியே” என்றார்.

அவர் கணவருக்கு முகம் கறுத்துவிட்டது. சட்டென்று எழுந்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து தன் மனைவி பக்கம் நீட்டி, “இந்தா, நாளையிலேருந்து நீயே எடுத்துட்டுப் போ” என்றார். நர்ஸ் அம்மா டீயை எங்கள் முன்னால் வைத்தார். முதலில் என் மனைவிக்கு, பிறகு எனக்கு. சாவியைத் தொடவில்லை. என் மனைவி எழுந்துபோய் அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் அவர் நிற்கமாட்டார் என்று நம்பிக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன். நின்றுகொண்டிருந்தார், பெட்டி இடுப்பில். நிறுத்தி அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன். குனிந்து கதவை அவரே மெதுவாகச் சாத்தினார்.

“நீங்க போங்க அண்ணாச்சி. பஸ் வந்துரும்.”

போனேன். பஸ் எதையும் காணவில்லை. திருப்பம் வரும்வரை கண்ணாடியில் அவர் நிற்பது தெரிந்தது.